தோடம்பழத்தின் பிறப்புச் சான்றிதழ்



கடையில் தோடம்பழம் வாங்கும்போது எத்தனை பெயர்கள்! நேவல், வலென்சியா, உள்ளே சிவந்திருக்கும் பிளட் ஒறேஞ். நிறம் வேறு, சுவை வேறு, விலையும் வேறு. ஆனால் இவை எல்லாம் ஆதியில் ஒரே மரத்தின் வழிவந்த பிரதிகள் என்றால் நம்புவீர்களா?

இடம்பெயர்ந்தபோது பிறப்புச் சான்றிதழைத் தொலைத்தவர்கள் எங்களில் பலர். மரத்துக்கோ அந்தப் பத்திரம் இலைக்குள்ளேயே இருக்கிறது. அதை வாசிக்க உதவுபவைதான் மூலக்கூற்று அடையாளங்கள்.

மரத்தின் டி.என்.ஏ.யில் சில இடங்களில் இரண்டு மூன்று எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும். எத்தனை தரம் வருகிறது என்பது இனத்துக்கு இனம் மாறும். ஓர் இலையை எடுத்து, அந்தத் துண்டை மட்டும் ஆய்வுகூடத்தில் பல மடங்காகப் பெருக்கி, அதன் நீளத்தை அளப்பார்கள். ஒரு பிரதி தாய்வழி, மற்றது தந்தைவழி. இரண்டு பக்கமும் பொருந்தினால்தான் பெற்றோர் இன்னார் என்று சொல்லலாம். கணக்காளனான எனக்கு இது நன்றாகவே விளங்குகிறது!

இப்படிப் பார்த்ததில் பல உறவுகள் வெளிவந்தன. தோடை, பம்பளிமாசும் மண்டரினும் கலந்து வந்தது, தாய்வழி பம்பளிமாசு. லெமன், புளித்தோடைக்கும் சிற்றனுக்கும் பிறந்தது. 2018இல் 60 வகைகளின் முழு மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்ட ஆய்வு, இக்குடும்பத்தின் தாயகம் இமயமலையின் தென்கிழக்கு அடிவாரம் என்றது.

தோடைக்குள் ஏன் இவ்வளவு ஒற்றுமை? அதன் விதையில் பெரும்பாலும் தாயின் கலங்களிலிருந்தே முளை உருவாகிறது. அதாவது பிள்ளை அல்ல, பிரதி. மேலும் விவசாயிகள் ஒட்டுக்கட்டியே பெருக்கினார்கள். இடையில் தோன்றிய சிறு மாற்றங்களே புதுப் பெயர்களைப் பெற்றன.

இதில் ஆபத்தும் உண்டு. ஒன்றைத் தாக்கும் நோய் எல்லாவற்றையும் தாக்கும். 2005இல் புளோரிடாவில் கிறீனிங் என்ற பக்டீரியா நோய் கண்டறியப்பட்டது. 2003-04 பருவத்தில் 242 மில்லியன் பெட்டிகளாக இருந்த அங்கத்தைய தோடை விளைச்சல், இந்த நோயாலும் புயல்களாலும் 2023-24இல் 18 மில்லியன் அளவுக்கு விழுந்துவிட்டது.

நோயைத் தாங்கும் குணத்தை அவுஸ்திரேலியக் காட்டு உறவினங்களில் கண்டிருக்கிறார்கள். அவற்றோடு கலந்து பெறும் கன்று காய்க்கப் பல வருடம் செல்லும். அதுவரை காத்திராமல், எது உண்மையான கலப்பு, எது வெறும் பிரதி என்று இளம் இலையிலேயே இந்த அடையாளங்கள் காட்டிவிடுகின்றன.

அதனால்தான் மேகாலயாவின் நொக்ரெக் மலைக் காட்டில் காட்டுத் தோடையைப் பாதுகாக்கிறார்கள். சந்தையில் விலைபோகாத அந்தப் புளித்த சிறுபழம்தான் நாளைய தோட்டத்தின் சேமிப்பு. சேமிப்பைக் கரைத்துவிட்டு வட்டியை எதிர்பார்க்க முடியுமா, நேயர்களே?