கண்ணாடி மூலையில் ஒரு முத்திரை
(கொடைக்கானலில் நடந்த பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"உபயோகமா ஏதாவது பேசுப்பா, ஆனா சாப்பாட்டு நேரத்தைத் தாண்டாதே" என்று செயலாளர் சொல்லியிருக்கிறார். உங்களில் சிலர் அப்பா காலத்து அம்பாசடர், பத்மினி, ஸ்டாண்டர்டு ஹெரால்டு வண்டிகளைப் பிள்ளை மாதிரி பாதுகாத்து வருகிறீர்கள். அவற்றின் முன் கண்ணாடி மூலையில் இருக்கும் சின்ன முத்திரையைப் பற்றிச் சொல்கிறேன்.

கார் கண்ணாடியில் இரண்டு வகை. ஒன்று டஃபன்டு. கண்ணாடியை 600 டிகிரிக்கு மேல் சூடாக்கி, காற்றை ஊதிச் சட்டென்று குளிர வைப்பார்கள். உடைந்தால் கல்கண்டு மாதிரி உதிரும். மற்றது லாமினேட்டட். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே பிளாஸ்டிக் ஏடு. பிரெஞ்சுக்காரர் பெனடிக்டஸ் 1909-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். இது விரிசல் விடும், ஆனால் உதிராது.

இந்த மலையில் அது பெரிய வித்தியாசம். பழனி ரோடும் வத்தலக்குண்டு ரோடும் பெருமாள்மலையில் சேருகின்றன. எந்தப் பக்கம் இறங்கினாலும் வளைவுதான், பனிமூட்டம்தான். முன்னால் போகிற லாரி டயர் ஒரு கல்லைத் தெறிக்கவிட்டால், டஃபன்டு கண்ணாடி ஒரு நொடியில் முழுக்க வெள்ளையாகிவிடும். ரோடே தெரியாது. லாமினேட்டட் என்றால் சிலந்தி வலை மாதிரி கீறல் விழும், ரோடு தெரியும்.

மோட்டார் வாகன விதிகளில் 1993-இல் ஒரு திருத்தம் வந்தது. அதற்கு மூன்று வருடம் கழித்துத் தயாரான வண்டிகளுக்கு முன் கண்ணாடி லாமினேட்டட்தான் என்று ஆனது. சென்னையில் 1961 முதல் 1971 வரை தயாரான ஹெரால்டு போன்ற பழைய வண்டிகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆகவே உங்கள் வண்டியில் எது இருக்கிறது என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

எப்படிப் பார்ப்பது? முத்திரையைப் படியுங்கள். ஆங்கிலத்தில் டஃபன்டு, லாமினேட்டட் இரண்டுக்குமே ஒன்பது எழுத்து. இங்கிலாந்தின் டிரிப்ளெக்ஸ் கண்ணாடிகளில் அந்த எழுத்துகளில் ஒன்றை ஒட்டி ஒரு சின்னப் புள்ளி இருக்கும். எத்தனையாவது எழுத்தோ, அதுதான் வருடத்தின் கடைசி இலக்கம். நான்காவது என்றால் 54 அல்லது 64. எந்தப் பத்தாண்டு என்பதை சேஸிஸ் நம்பர் சொல்லும். கண்ணாடி காருக்குக் கொஞ்சம் முன்னால் பிறந்திருக்க வேண்டும். பின்னால் பிறந்திருந்தால், எப்போதோ ஒருமுறை உடைந்து மாற்றியது என்று அர்த்தம். முத்திரை அழிந்திருந்தால் போலராய்டு கூலிங்கிளாஸ் போட்டுப் பாருங்கள். டஃபன்டில் வரிசையாகத் திட்டுத் திட்டாகத் தெரியும்.

இப்போது முக்கியமான விஷயம். 2021-இல் விண்டேஜ் வாகனப் பதிவு விதி வந்தது. ஐம்பது வயது தாண்டி, அசல் வடிவத்தில் இருக்க வேண்டும். அதிலிருந்து "புதுக் கண்ணாடியில் பழைய முத்திரையைப் பொறித்துக் கொடுங்க சார்" என்று கேட்பவர்கள் அதிகம். ஸ்டென்சில் வைத்து மணல் வீசியோ, அரிக்கும் பசை தடவியோ பொறிக்க முடியும். ஆனால் அந்த விதி பெயர் சொல்லிக் குறிப்பிடும் மாற்றம் சேஸிஸ், பாடி ஷெல், எஞ்சின் இவைதான்.

முத்திரை அலங்காரம் இல்லைங்க. "நான் இப்படித்தான் உடைவேன்" என்று கண்ணாடி கொடுக்கும் வாக்கு அது. லாமினேட்டட் என்ற முத்திரையைச் சாதாரணக் கண்ணாடியில் பொறித்தால், நாளைக்கு அந்த வண்டியை வாங்குகிறவர் அதை நம்பித்தான் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு மலை இறங்குவார்.

ஆகவே என் யோசனை இதுதான். முன் கண்ணாடிக்கு ஐ.எஸ். 2553 முத்திரை உள்ள லாமினேட்டட் போடுங்கள். அதன் சொந்த முத்திரை அப்படியே இருக்கட்டும். கதவு, பின்பக்கக் கண்ணாடிகள் அசலாக இருந்தால் தொடாதீர்கள். பழசைக் கழற்றுமுன் முத்திரையைப் போட்டோ எடுத்து ஆர்.சி. புத்தகத்தோடு வையுங்கள். பீடிங் ரப்பரை நெம்பி இழுக்காமல், பிளேடால் அறுத்து எடுக்கச் சொல்லுங்கள். ரப்பர் புதிதாகக் கிடைக்கும். டஃபன்டு கண்ணாடியை அளவுக்கு வெட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்தக் கடையை விட்டு வந்துவிடுங்கள். அதை வெட்டவே முடியாது, தூளாகிவிடும்.

நாளைக் காலை ஊர் திரும்புமுன் உங்கள் வண்டியின் மூலையை ஒரு நிமிஷம் குனிந்து பாருங்கள். பத்திரமாக இறங்குங்கள்.