ஒரே ஒரு 'கட்'



அன்றாடப் பேச்சில் இங்கிலீஷ் கலப்பது வசதிதான்னு எதிரணித் தம்பி பேசினார். பேச்சுல ஏழு தடவை 'கட்' சொன்னார். கரண்ட் கட், போன் கட், சம்பளத்துல கட்... நல்லவேளை, நடுவர் மணி அடிச்சு அவரையே கட் பண்ணிட்டார். (சிரிப்பு)

அந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கறேன் அய்யா. எங்க அம்மா வெண்டைக்காயை நறுக்குவாங்க, கீரையை அரிவாங்க, கொத்தமல்லியைக் கிள்ளுவாங்க. வயலில் நெல்லை அறுத்தோம், கரும்பை வெட்டினோம், இளநீரைச் சீவினோம், துணியைக் கத்தரித்தோம். என்ன கருவி, எவ்வளவு அழுத்தம், துண்டு எவ்வளவு பெரிசு, அத்தனையும் அந்தந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கு. இன்னிக்கு "காய் கட் பண்ணும்மா"ன்னா, "எப்படிக் கட் பண்ணணும்?"னு அந்தப் பொண்ணு திருப்பிக் கேக்குது. கேக்காம என்ன செய்யும்?

இங்கிலீஷ்காரன் இப்படி இல்லீங்க. காய்னா 'சாப்', ரொட்டின்னா 'ஸ்லைஸ்', கறின்னா 'மின்ஸ்', புல்லுன்னா 'மோ', செடின்னா 'ப்ரூன்', ஆட்டு ரோமம்னா 'ஷியர்'. அவன் வீட்டுல அத்தனை கத்தி இருக்கு. நாம கடன் வாங்கினது ஒரே ஒரு கத்தி; அதுக்காக நம்ம கத்தியை எல்லாம் பரண்ல போட்டுட்டோம்! (கைதட்டல்)

'கட் அடிக்கிறது'க்குத் தமிழ் ஏதுன்னு தம்பி கேட்டார். மட்டம் போடுறதுன்னு எங்க தாத்தா காலத்துலேயே சொல்லும் இருந்தது, செயலும் இருந்தது! (சிரிப்பு) 'கட் ஆஃப்'புக்கு நான் சண்டைக்கு வரலை. கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50ன்னு 200க்குக் கூட்டிப் பார்த்து, இன்ஜினியரிங் சீட்டுக்குக் காத்திருக்கிற பெத்தவங்ககிட்ட போய்த் தமிழ்ச் சொல் சொல்லிக் கொடுத்தா அடிக்க வருவாங்க.

ஆனா இதைக் கேளுங்க. என் தங்கச்சி வீட்டுக்காரருக்கு லேத் பட்டறையில் வேலை. ஒருநாள் அங்கேயிருந்து ஒரு பையன் போன் பண்றான்: "அண்ணே, அவருக்கு விரல் கட் ஆயிடுச்சு." அவ்வளவுதான், லைன் போயிடுச்சு. கீறலா? ஆழமான வெட்டா? துண்டாவே போச்சா? கீறல்னா கழுவிக் கட்டுப் போட்டா போதும். துண்டாயிட்டா, விரலைச் சுத்தமான ஈரத்துணியில் சுத்தி, பிளாஸ்டிக் பையில் போட்டு, ஐஸ் நேரா விரல்ல படாம பைக்கு வெளியே வெச்சு, ஒட்டுற வசதி இருக்கிற ஆஸ்பத்திரிக்கு ஓடணும். ஒவ்வொரு நிமிஷமும் கணக்கு. எதைச் செய்யச் சொல்லுவேன் நான்? பட்டறைக்குப் போய்ச் சேர நாற்பது நிமிஷம். தங்கச்சி பின்சீட்டுல ஒரு வார்த்தை பேசலை. போய்ப் பார்த்தா மூணு தையல் போடுற காயம். "கிழிஞ்சிடுச்சு"ன்னு அந்தப் பையன் சொல்லியிருந்தா அந்த நாற்பது நிமிஷம் எங்களுக்கு இல்லை. அவன் மேல தப்பில்லை. அவன் கையில இருந்தது அந்த ஒரு சொல்தான்.

எதிரணியில அடுத்துப் பேச வர்ற சகோதரி நர்ஸுன்னு சொன்னாங்க. 'கட் ஆயிடுச்சு'ன்னு ஒருத்தர் ஓடி வந்தா, அவங்க கேக்குற முதல் கேள்வி என்ன, அதுல எந்தச் சொல் வரும்னு அவங்களே இந்த மேடையில் சொல்லட்டும்.