வலியைக் கேட்டு எழுதும் ஊழியம்

(மேல்சித்தாமூரில் நடந்த ஆதரவாளர் கூட்டத்தில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய சிற்றுரை)



மருத்துவமனையைப் பார்க்க வந்த சபையார் ஒருவர், "ஐயா, நர்சம்மாக்கள் எந்நேரமும் எழுதிக்கொண்டே இருக்கிறார்களே, நோயாளியை எப்போது கவனிப்பார்கள்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. இன்று அதற்குப் பதில் சொல்ல விரும்புகிறேன்.

அறுவைசிகிச்சை செய்துகொண்டவருக்கும் புற்றுநோயால் வேதனைப்படுகிறவருக்கும் மார்ஃபின் போன்ற மருந்து தேவைப்படுகிறது. வேதனையை அடக்கும் அதே மருந்து, அளவு மிஞ்சினால் மூச்சையும் அடக்கிவிடும். ஆகையால் வலி எவ்வளவு, என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம், எத்தனை மணிக்கு என்று செவிலியர் எழுதிக் கையொப்பமிடுகிறார். ஊசி போட்டால் அரை மணியில், மாத்திரை கொடுத்தால் ஒரு மணி நேரத்தில் திரும்பி வருகிறார். வலி குறைந்ததா, கூப்பிட்டால் விழிக்கிறாரா என்று பார்க்கிறார். ஒரு நிமிடம் முழுவதும் மூச்சை எண்ணுகிறார். பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை இருக்கவேண்டும்.

நம் கிராமத்துத் தாய்மார் பல்லைக் கடித்துக்கொண்டு "பரவாயில்லம்மா" என்பார்கள். "ரூபாய்க்கு எத்தனை பைசா வலி?" என்று கேட்டால் "எண்பது பைசா" என்று உண்மை வரும். அதையும் எழுதவேண்டும்.

ஒரு முறை பனையிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பெரியவர் ஒருவர் நம்மிடம் இருந்தார். இரவு பத்து மணிக்கு ஊசி போடப்பட்டது. பத்தரைக்குச் செவிலியர் வந்தபோது, "அப்பா இப்பதான் அசந்து தூங்குறார், எழுப்பாதீங்க அக்கா" என்றான் மகன். அவரோ தாளைப் பார்த்தார், எழுப்பினார். பெரியவர் கண்ணைத் திறக்கவில்லை. எண்ணினால் மூச்சு எட்டுத்தான். உடனே மருத்துவர் வந்தார்; பிராணவாயு வைத்து, நலாக்சோன் என்னும் மாற்று மருந்தைக் கொடுத்தார். விடியற்காலையில் பெரியவர் காப்பி கேட்டார். பயந்துபோய் வலி மருந்தை அடியோடு நிறுத்திவிடவில்லை. எழுதியிருந்ததைப் பார்த்து அளவைக் குறைத்துக் கொடுத்தார்கள். தூக்கத்துக்கும் மரண மயக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அன்று காட்டியது அந்தத் தாளும், அதை நம்பிய ஒரு பெண்ணின் கண்களும்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. நம் நாட்டில் அரசு உரிமத்தோடு அபினி பயிராகிறது. ஆனாலும் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால், பல மருத்துவமனைகள் மார்ஃபின் வைத்திருக்கவே அஞ்சின. 2014இல் சட்டம் திருத்தப்பட்டு வழி எளிதாயிற்று. ஆயினும் ஒவ்வொரு மாத்திரைக்கும் கணக்கு வேண்டும். கணக்கு இல்லையேல் மருந்தும் இல்லை.

எவ்வுயிருக்கும் துன்பம் செய்யாதிருக்கப் போதிக்கும் சமண மடம் இருக்கிற ஊர் இது. வலி நீக்கும் வேலையின் அருமையை உங்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. நமக்குக் கிழக்கேயுள்ள திண்டிவனத்தில்தான், பிரசவ வேதனையிலிருந்த மூன்று பெண்களுக்காக மூன்று ஆண்கள் ஓரிரவில் வந்து கதவைத் தட்டினார்கள். பெண் மருத்துவர் இல்லாமல் அம்மூவரும் இறந்தார்கள். அந்த இரவுதான் ஐடா ஸ்கடர் அம்மையாரை மருத்துவராக்கியது. வேலூரில் 1900இல் பணியைத் தொடங்கிய அவர், 1909இல் செவிலியர் பள்ளியையும் ஏற்படுத்தினார். இரவில் விழித்திருக்க ஆள் வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

நல்ல சமாரியன் காயத்தில் எண்ணெய் வார்த்ததை நாம் அடிக்கடி பிரசங்கிக்கிறோம். அவன் அதோடு போய்விடவில்லை. சத்திரக்காரனிடம் பணம் கொடுத்து, திரும்பி வருவதாகவும் சொல்லிப் போனான். மருந்து கொடுப்பது பாதி ஊழியம். திரும்பி வந்து பார்ப்பது மறுபாதி.

பிரியமானவர்களே, உங்கள் காணிக்கை கட்டிடத்துக்கு மட்டுமல்ல. அச்சடித்த தாளுக்கும், விரலில் மாட்டிப் பிராணவாயுவை அளக்கும் கருவிக்கும், எல்லாவற்றுக்கும் மேலாக இரவுப் பணிக்கு இன்னொரு செவிலியருக்கும் தேவைப்படுகிறது. ஒருவரே இரண்டு வார்டுகளைப் பார்த்தால் அரை மணியில் எப்படித் திரும்பி வருவார்?

நீங்கள் நிம்மதியாய்த் தூங்கும் நேரத்தில் விழித்திருந்து மூச்சை எண்ணும் நம் பிள்ளைகளுக்காக ஜெபியுங்கள். கர்த்தர்தாமே உங்களையும் உங்கள் குடும்பங்களையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.