தொட்டி போனபின் தண்ணீர் போகும் வழி



மும்பை, டெல்லி, கொல்கத்தா போன்ற நகரங்களில் குடியேறிய நம்மவர் பலர் பழைய அடுக்கு வீடுகளில் வாழ்ந்து வருகிறோம். அவற்றுள் சிலவற்றின் குளியலறையில், முன்பு குடியிருந்தோர் விட்டுச் சென்ற பெரிய குளியல் தொட்டி ஒன்று இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும். வாளியும் செம்புமாகக் குளித்துப் பழகிய நமக்கு அதனால் பயன் குறைவு. ஊரிலிருந்து வந்து தங்கும் வயதான பெற்றோருக்கோ அதன் விளிம்பைத் தாண்டிக் காலெடுத்து வைப்பதே பெரும்பாடு. ஆகவே, தொட்டியை அகற்றிவிட்டுத் தரையிலேயே குளிக்கும் இடம் அமைக்க விரும்புகிறோம். தொட்டியைப் பெயர்த்தெடுப்பது எளிது. அதன் அடியிலிருந்த கழிவுநீர் வழியைப் புதிய ஏற்பாட்டுக்குப் பொருத்துவதுதான் கருத்தோடு செய்ய வேண்டிய வேலை.

ஊரில் கிணற்றடியில் குளித்த நீர் வாழைக்குப் பாய்ந்தது. இங்கோ நமது தரை மற்றொருவருடைய கூரை. இதை மறவாதிருப்பதே முதற் பாடம்.

அந்தத் தரையின் அமைப்பை முதலில் அறிந்துகொள்வோம். மாடி வீடுகள் பலவற்றில், குளியலறையின் கான்கிரீட் தளத்தை மற்ற அறைகளின் தளத்தைவிடத் தாழ்த்தி வார்த்திருப்பார்கள். அப்பள்ளத்தில் குழாயைக் கிடத்தி, செங்கல் துண்டுகளையும் சாந்தையும் இட்டு நிரப்பி, மேலே கல் பாவுவார்கள். இந்த நிரப்பைத் தோண்டலாம். அதன் கீழே கம்பி கட்டி வார்த்த கான்கிரீட்டை மட்டும் வெட்டலாகாது. கம்பி அறுந்தால் தளத்தின் வலிமை குறையும். வேறு சில வீடுகளில் பள்ளமே இராது. குழாய் தளத்தைத் துளைத்துக்கொண்டு இறங்கிக் கீழ்வீட்டுக் கூரையின் அடியில் ஓடும். அங்கே புதுத் துளை போடுவது நம் விருப்பம் மட்டும் சார்ந்ததன்று. கட்டடப் பொறியாளரின் ஆலோசனையும், வீட்டுவசதிச் சங்கத்தின் அனுமதியும், கீழ்வீட்டாரின் இசைவும் தேவை.

ஆகையால், பழைய துளை எங்கே இருக்கிறதோ அதன் அருகிலேயே குளிக்கும் இடத்தை அமைப்பது நலம். கிடைமட்டக் குழாய்க்கு ஒரு மீட்டருக்குச் சுமார் 2 சென்டிமீட்டர் சரிவு வேண்டும். இரண்டு மீட்டர் தள்ளிப்போனால் 4 சென்டிமீட்டர்; அதனுடன் குழாயின் பருமனும் சேரும். பள்ளமில்லாத தளத்தில் அவ்வளவுக்கும் தரையை உயர்த்த நேரும். தொட்டியின் விளிம்பை நீக்கப் புறப்பட்டுப் பெற்றோர் முன் ஒரு படியைக் கட்டி வைத்தவர்களாவோம்! தொட்டிக்குப் பதில் வேறு தொட்டியே வைப்பவர்களும், அதன் வடிகால் வாய் வலப்புறமா இடப்புறமா என்று பார்த்தே வாங்க வேண்டும்.

அடுத்தது டிராப். வளைவில் எப்போதும் சிறிது நீரைத் தேக்கி, சாக்கடைக் காற்று வீட்டினுள் ஏறாமல் தடுப்பது இதுவே. இத்தகைய வளைந்த குழாய்க்கு 1775-ஆம் ஆண்டில் லண்டனில் அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரக் கலைஞர் காப்புரிமை பெற்றார். தரையில் பதிக்கும் வகையை நம் நாட்டில் ‘நஹானி டிராப்’ என்பர். குளிக்கும் இடத்தைக் குறிக்கும் மராத்திச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. தேங்கும் நீர் 5 சென்டிமீட்டர் ஆழமாவது இருக்க வேண்டும். கோடையில் ஒரு மாதம் ஊருக்குச் சென்று திரும்பும்போது குளியலறையில் துர்நாற்றம் வீசினால், அந்நீர் வற்றிவிட்டது என்று பொருள். ஒரு வாளி நீர் ஊற்றினால் போதும்.

பழைய தொட்டியின் அடியில் ஏற்கெனவே ஒரு டிராப் இருக்கக்கூடும். அதை விட்டுவைத்து மேலே வேறொன்றைப் பொருத்தினால், இரண்டுக்கும் இடையே காற்று சிக்கி, நீர் தயங்கித் தயங்கி இறங்கும். ஒரு வழிக்கு ஒரே டிராப் என்பது விதி. குழாயின் அளவையும் கவனிக்க வேண்டும். தொட்டி தன்னுள் நீரைத் தேக்கி மெல்ல விடும். ஆதலால் அதற்கு 40 மில்லிமீட்டர் குழாய் போதுமானதாயிருந்தது. தரையில் கவிழ்த்த வாளி நீர் காத்திருக்காது. ஆகவே 75 மில்லிமீட்டர் வாயுள்ள டிராப்பும் குழாயும் வைப்பது நலம். பழைய வார்ப்பிரும்புக் குழாயோடு புதிய பி.வி.சி. குழாயை வெறும் சிமெண்டு பூசி ஒட்டினால் நாளடைவில் விரிசல் காணும். அதற்கென்றே உள்ள ரப்பர் இணைப்பைப் பயன்படுத்த வேண்டும்.

இறுதியாக ஒரு சோதனை. நீர்க்காப்புப் பூச்சு உலர்ந்தபின், கல் பாவுவதற்கு முன்னரே, வடிகால் வாயை அடைத்துத் தரையில் 2 அல்லது 3 சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் நிறுத்த வேண்டும். இரண்டு நாள் அப்படியே விட்டு, நீர்மட்டத்தையும் கீழ்வீட்டுக் கூரையையும் பார்க்க வேண்டும். பின்னர் அடைப்பை எடுத்து நீர் தடையின்றி இறங்குகிறதா, குழாய் இணைப்புகளில் கசிவு உண்டா என்பதையும் காண வேண்டும். வேலையாட்கள் அவசரப்படுத்துவார்கள், நாம் இணங்கலாகாது. கல் பாவியபின் கண்ட கசிவுக்கு, பாவிய கல்லையெல்லாம் மீண்டும் பெயர்க்க வேண்டிவரும்.

அயலூரில் நமக்கு உற்றார் என்று அமைபவர் அண்டை வீட்டாரே. அவசரத்துக்கு முதலில் கதவைத் திறப்பவர் அவர்தாம். அவருடைய கூரையில் ஈரம் படியாமல் நம் வீட்டு நீரை வழியனுப்புவது, அவ்வுறவைக் காக்கும் வழியுமாகும்.