வாசல் குழாயின் கசிவு

(மாதாந்திரக் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



உதவி கேட்டு வந்த மனு ஒன்றை விசாரிக்கப் போன மாதம் நம் மஹல்லாவில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தோம். வாசல் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் சுவரோரமாக இறங்கி, பக்கத்து வீட்டுச் சுவரில் இடுப்பளவு ஓதம் ஏறியிருந்தது. இரு வீட்டாரும் ஸலாம் சொல்லிக்கொள்வதையே நிறுத்திவிட்டார்கள். மனுவை வைத்துவிட்டு முதலில் குழாயைத்தான் பார்த்தோம்.

நபி (ஸல்) அவர்கள் ஒரு ‘முத்’ அளவு தண்ணீரில் உளூச் செய்தார்கள் என்று ஹதீஸில் வருகிறது. அது ஒரு லிட்டருக்கும் குறைவு. அந்தக் குழாயின் கீழே வைத்த ஒரு லிட்டர் பாட்டில் ஒரு மணி நேரத்தில் நிரம்பிவிட்டது. நாளுக்கு 24 லிட்டர், மாதத்துக்கு 720.

கசிவு எங்கே என்று துணியால் துடைத்துவிட்டுக் கவனியுங்கள். மூடிய பிறகும் வாய்வழியே சொட்டினால் உள்ளே வாசர் தேய்ந்திருக்கும். அதை மாற்றினால் போதும். எல்போவே விரிசல் விட்டிருந்தால் எம்சீல் பூசி ஏமாற வேண்டாம், பிளம்பரை அழையுங்கள். வெயிலில் கிடக்கும் பிவிசி நாளாக நாளாக நொறுங்கும்.

அங்கே கசிந்தது குழாயும் எல்போவும் சேரும் மரையில். மாடித் தொட்டியின் கேட் வால்வை அடைத்து, பைப்பில் நின்ற தண்ணீரை வடித்தோம். ஒரு ரிஞ்சால் எல்போவைப் பிடித்துக்கொண்டு, இன்னொன்றால் குழாயைக் கழற்ற வேண்டும். பிடிக்காமல் திருகினால் பைப்பு முறுக்கி உடைந்துவிடும். அப்புறம் செலவு ஆயிரக்கணக்கில்.

பழைய டேப்பைச் சுரண்டி, ஈரம் துடைத்தோம். மரை முனை நம்மைப் பார்க்கும்படி பிடித்து, கடிகாரம் சுற்றும் திசையில் பத்துச் சுற்று டெஃப்லான் டேப்பை இழுத்துச் சுற்றினோம். எதிர்த்திசையில் சுற்றினால் திருகும்போது பிரிந்து வரும். கையால் இறுக்கி, கடைசியில் மட்டும் ரிஞ்சு. பிளாஸ்டிக் மரையை மிஞ்சி இறுக்கினால் கீறிவிடும். குழாய் வாய் கோணலாக நிற்கிறதே என்று பின்னோக்கித் திருப்பினோம், மறுபடி ஒழுகியது! கழற்றி, புது டேப் சுற்ற வேண்டியதாயிற்று.

டேப்பின் விலை இரண்டு டீக்கு மேல் இல்லை. ஓதம் காயக் கொஞ்ச நாளாகும் என்று அந்த வீட்டாரே பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்கள். அதன் பிறகுதான் மனுவைப் பிரித்தோம்.

ரிஞ்சுகள் இரண்டும் நம் அலுவலகத்தில் இருக்கின்றன. அஸருக்குப் பின் வந்து வாங்கிக்கொள்ளலாம்.