யந்திர ரம்பத்தைத் தீட்டுதலும் அரத்துக்குப் பிடி தேர்தலும்
(கிராமக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்குரிய பிரசங்கம்)



மரம் அறுக்கும் யந்திர ரம்பம் கிராமத்துக்கு எத்துணை உபயோகமானது என்பதை விரித்துக் கூற வேண்டுவதில்லை. 2018-ஆம் வருஷம் நவம்பர் மாதம் 16-ஆம் தேதி கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரை கடந்தபோது லட்சக்கணக்கான தென்னைகள் சாய்ந்தன. வழியை அடைத்துக் கிடந்த மரங்களை அறுத்து அகற்ற யந்திர ரம்பம் பெரிதும் உதவிற்று. ஆயினும் தனியொருவனுக்குச் சொந்தமான ரம்பம் கூர்மையாயிருப்பதும், பலருக்கும் பொதுவான ரம்பம் மழுங்கிக் கிடப்பதும் எங்கும் காணக்கூடியதே. எடுத்துச் செல்பவன், முன்னவன் தீட்டியிருப்பான் என்று எண்ணுகிறான். திருப்பிக் கொடுப்பவன், அடுத்தவன் தீட்டிக்கொள்வான் என்று எண்ணுகிறான். இவ்விரண்டு எண்ணங்களுக்கும் இடையே சங்கத்தின் சொத்து கெடுகிறது.

மழுங்கிய ரம்பத்தால் வரும் நஷ்டம் பலவகைப்பட்டது. பெட்ரோல் அதிகம் செலவாகும். யந்திரம் சூடேறும். சங்கிலியும் அது ஓடும் தகடும் விரைவில் தேயும். யாவற்றினும் பெரிது உயிர்ப் பயம். கூரில்லாத ரம்பத்தை வேலையாள் அழுத்திப் பிடிக்க நேரிடுகிறது. அழுத்தும்போது ரம்பம் துள்ளி எகிறி ஆளைத் தாக்கும் அபாயம் அதிகப்படுகிறது.

மழுங்கியதை அறிவது எளிது. கூரான பல் மரத்தைச் சீவல் சீவலாகத் தள்ளும். மழுங்கிய பல் மாவு போன்ற தூளைத் தள்ளும். ரம்பம் தானே மரத்தில் இறங்காமல் அழுத்தம் கேட்டாலும், எண்ணெய் சரியாக ஓடியும் புகை எழுந்தாலும், தீட்டும் காலம் வந்துவிட்டது. சங்கிலி ஒருமுறை மண்ணையோ ஆணியையோ தொட்டாலும் உடனே பார்க்கவேண்டும்.

இச்சங்கிலியின் பல் அமைப்பு ஒரு புழுவினிடம் கற்றதாகும். அமெரிக்காவில் ஆரிகன் மாகாணத்தில் மரம் வெட்டுந் தொழிலிலிருந்த ஜோசப் காக்ஸ் என்பவர், வண்டின் புழு ஒன்று தன் தாடைகளால் இடமும் வலமுமாக மரத்தைக் கடித்துச் செல்வதை 1946-ல் கவனித்தார். அதனைப் பின்பற்றி இச்சங்கிலியை உருவாக்கினார். ஆகையால் பற்கள் இடப்பல், வலப்பல் என மாறி மாறி நிற்கின்றன. ஒரு பக்கத்துப் பற்கள் குட்டையானால் ரம்பம் கோணலாக அறுக்கும்.

தீட்டுவதற்கு உருண்டை அரம் வேண்டும். அதன் பருமன் சங்கிலிக்கு ஒத்திருத்தல் அவசியம். அடுத்தடுத்த மூன்று இணைப்பு ஆணிகளில் முதலாவதற்கும் மூன்றாவதற்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் சங்கிலியின் அளவு கிடைக்கும். 0.325 அங்குலச் சங்கிலிக்கு 4.8 மில்லிமீட்டர் அரமும், சிறு ரம்பங்களிலுள்ள தாழ்வான 3/8 அங்குலச் சங்கிலிக்குப் பெரும்பாலும் 4 மில்லிமீட்டர் அரமும் பொருந்தும். யந்திரத்தோடு வரும் புஸ்தகத்தைப் பார்த்து நிச்சயித்துக்கொள்வது உத்தமம்.

இனி, பலர் அற்பமென்று விட்டுவிடும் பிடியைப் பற்றிக் கவனிப்போம். அரத்தின் வால் கூரானது. பிடியில்லாத அரத்தைத் தள்ளும்போது அது பல்லில் தடைப்பட்டால் வால் உள்ளங்கையில் பாய்ந்துவிடும். சில ரூபாய்ப் பிடியை மிச்சப்படுத்திப் பல நாட் கூலியை இழப்பது சிக்கனமாகாது.

பிடி உள்ளங்கையை நிரப்புவதாக இருக்கவேண்டும். மெலிந்த பிடி விரல்களுக்கு வலி உண்டாக்கும். பின்முனை உருண்டையாக இருத்தல் நலம். மரப்பிடியானால் கருவேலம், கொய்யா போன்ற உறுதியான மரத்தில், கணுவின்றி, நரம்பு நீளவாட்டில் ஓடுவதாகத் தேர்க. வால் நுழையும் முனையில் பூண் இராவிட்டால் மரம் பிளந்துபோகும். துளை வாலைக்காட்டிலும் சற்றுச் சிறிதாயிருக்கவேண்டும். வாலைத் துளையில் வைத்து, பிடியின் பின்முனையைக் கட்டையின்மேல் தட்டி இறக்கவேண்டும். அரத்தைச் சுத்தியலால் அடித்தலாகாது; அரம் எளிதில் ஒடியும் இயல்புடையது. மாட்டியபின் இழுத்துப் பார்த்து, ஆடினால் வேறு பிடி கொள்க. கோணக்கோடுகள் குறித்த பிளாஸ்டிக் பிடிகளும் கடைகளில் கிடைக்கின்றன. புதிதாகப் பழகுவோருக்கு அவை அனுகூலமானவை.

தீட்டும் முறை வருமாறு. யந்திரத்தை நிறுத்தி ஆறவிட்டு, கையுறை அணிந்து, தகட்டை அசையாமல் கவ்விப் பிடிக்கச் செய்க. மிகக் குட்டையான பல்லைக் கண்டு அதையே அளவாகக் கொள்க. பெரும்பாலான சங்கிலிகளுக்குக் கோணம் 30 பாகை. அரத்தின் பருமனில் ஐந்திலொரு பங்கு பல்லின் மேல்விளிம்புக்கு மேலே தெரியவேண்டும். பல்லின் உட்புறத்திலிருந்து வெளிப்புறமாகத் தள்ளும்போதே அரம் அராவும், திரும்பும்போது தூக்கிவிடுக. எல்லாப் பற்களையும் ஒரே நீளத்துக்குக் கொண்டுவந்தபின், ஒவ்வொன்றுக்கும் சமமான எண்ணிக்கையில் தள்ளுதல் வேண்டும். ஒரு பக்கத்துப் பற்களை முடித்தபின் மறுபக்கம் செல்க. அரத்தை அவ்வப்போது சிறிது திருப்பினால் அது எங்கும் ஒரே சீராகத் தேயும்.

ஒவ்வொரு பல்லுக்கும் முன்னே சிறு மேடு ஒன்று உண்டு. பல் எவ்வளவு ஆழம் கடிக்கவேண்டும் என்பதை நிர்ணயிப்பது அதுவே. பல் தேயத் தேய மேடு உயர்ந்துவிடுகிறது. மூன்று நான்கு முறை தீட்டியபின் அளவுத்தகடு வைத்துப் பார்த்து, தட்டை அரத்தால் குறைத்துக்கொள்க. பல சங்கிலிகளுக்கு இவ்வளவு 0.65 மில்லிமீட்டர். அளவின்றிக் குறைத்தால் ரம்பம் வெறிகொண்டு இழுக்கும்.

பொது ரம்பமுள்ள சங்கங்கள் மூன்று ஏற்பாடுகளைச் செய்யலாம். தீட்டப் பழகிய ஒருவரைப் பொறுப்பாளராக நியமித்தல் முதலாவது. பிடியிட்ட உருண்டை அரம், தட்டை அரம், அளவுத்தகடு இவற்றை ஒன்றோடொன்று உரசாமல் ரம்பத்தோடு ஒரே பெட்டியில் வைத்தல் இரண்டாவது. கொண்டுபோன தேதியையும், தீட்டித் திருப்பிய விவரத்தையும் புஸ்தகத்தில் பதிதல் மூன்றாவது. தீட்டாமல் வந்த ரம்பத்தைப் பொறுப்பாளர் ஏற்றுக்கொள்ளலாகாது.

பொதுச்சொத்து யாருடையதுமன்று என்று கருதும் ஊரில் ரம்பம் மட்டுமன்று, சங்கமும் மழுங்கும். பிறர் கைக்குப் போகும் கருவியைத் தன் கைக்கு வருவதுபோலவே தீட்டி வைப்பவனே உண்மையான அங்கத்தினன்.