லவ் பேர்ட் வாங்கலாமா?



 



இன்றைய உரையின் தலைப்பைக் கேட்டதும், மௌலவிக்குப் பேசுவதற்கு வேறு விடயம் கிடைக்கவில்லையா என்று சிலர் புன்னகைக்கக்கூடும். ஆயினும் இந்தக் கேள்வி எனது சொந்த வீட்டில், இரவுச் சாப்பாட்டின்போது, என் மகளின் வாயிலிருந்து வந்ததாகும். புலமைப் பரிசில் பரீட்சைக்கு அவள் படித்துக்கொண்டிருந்த காலத்தில், வெட்டுப்புள்ளியைத் தாண்டினால் என்ன வேண்டுமானாலும் வாங்கித் தருவேன் என்று நான் சொல்லியிருந்தேன். பெற்றோர் பலரும் செய்கின்ற பேரம்தான் இது. பெறுபேறு வந்தது, பிள்ளை சித்தியடைந்திருந்தாள். மறுநாள் அவள் கேட்டது துவிச்சக்கர வண்டியுமல்ல, கைப்பேசியுமல்ல. "வாப்பா, எனக்கு ஒரு லவ் பேர்ட் வேண்டும்" என்றாள்.

நான் திகைத்துப் போனேன். பிள்ளைக்குக் கொடுத்த வாக்கு சிறிய விடயமன்று. அப்துல்லாஹ் பின் ஆமிர் (ரழி) அவர்கள் சிறுவராக இருந்தபோது, அவரது தாயார் ஒரு பொருளைத் தருவதாகச் சொல்லி அவரை அழைத்தார்கள். அதைச் செவியுற்ற நபி (ஸல்) அவர்கள், என்ன கொடுக்க நாடினீர் என வினவினார்கள். பேரீச்சம் பழம் என்று தாயார் பதிலளிக்க, ஒன்றும் கொடுக்காதிருந்தால் அது ஒரு பொய்யாகப் பதியப்பட்டிருக்கும் என எச்சரித்தார்கள். இச்சம்பவம் அபூதாவூதில் பதிவாகியுள்ளது. எனவே, பிள்ளை மறந்துவிடுவாள் என்று காலம் கடத்துவதற்கு எனக்கு வழியில்லை. மறுபுறம், வாங்கப் போவது உயிருள்ள ஒரு படைப்பு. என் வாக்கை நிறைவேற்றும் பொருளாக அதனை ஆக்கிவிட எனக்கு உரிமையுண்டா?

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். பறவையைக் கூண்டில் வளர்ப்பது ஹராம் என்று எண்ணுவோர் நம்மிடையே உள்ளனர். அவ்வாறு பொதுவாகச் சொல்வதற்கில்லை. அனஸ் (ரழி) அவர்களின் சிறு தம்பி அபூ உமைர் ஒரு சிறு குருவியை வைத்து விளையாடுவார். நபி (ஸல்) அவர்கள் அதனைக் கண்டும் தடுக்கவில்லை. அக்குருவி இறந்து, சிறுவர் சோகமாக இருந்தபோது, அதைப் பற்றி அவரிடம் அன்பொழுக விசாரித்து அவரது மனதைத் தேற்றினார்கள். புஹாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் இடம்பெறும் இந்தச் சிறிய நிகழ்ச்சியிலிருந்து 60 பயன்களை எடுத்துக்காட்டி, ஹிஜ்ரி 335ல் மறைந்த ஷாபிஈ அறிஞர் இப்னுல் காஸ் அவர்கள் தனி நூலே எழுதியிருக்கிறார்கள். ஒரு குழந்தையின் குருவிக்காக ஒரு நூல்! குரலைக் கேட்டு மகிழ்வதற்காகப் பறவையைக் கூண்டில் வைக்கலாமா என்று நமது மத்ஹபின் இமாம் கஃப்பால் அவர்களிடம் கேட்கப்பட்டபோது, அதற்குத் தேவையானவற்றை உரியவர் கவனிப்பாராயின் ஆகும் என்றே விடையளித்தார்கள். அதேவேளை, அறிஞர்கள் அனுமதித்தது பிடித்து வைத்து மகிழ்வதைத்தான், குழந்தை அதனை வதைக்கும்படி விட்டுவிடுவதை ஒருபோதும் அல்ல என்று இமாம் குர்துபி அவர்கள் எல்லை வகுத்தார்கள்.

ஆக, ஆகுமா என்ற கேள்விக்கு ஒரு வரியில் பதில் கிடைத்துவிட்டது. "தேவையானவற்றைக் கவனிப்பாராயின்" என்ற நிபந்தனையில்தான் கனம் முழுவதும் தங்கியிருக்கிறது. அதன் கனத்தை நான் கிதாபில் படிப்பதற்கு முன்னரே அறிந்திருந்தேன்.

எனக்கு 12 வயதிருக்கும். மாமா கொழும்பிலிருந்து வரும்போது ஒரு சோடிக் குருவிகளைக் கொண்டுவந்து தந்தார். பச்சையும் நீலமுமாக இருந்தன. ஊரெல்லாம் அவற்றை லவ் பேர்ட்ஸ் என்றுதான் சொன்னார்கள். (உண்மையில் அவை அவுஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட பட்ஜரிகர் என்னும் சிறு கிளிகள் என்பதைப் பிற்காலத்திலேயே அறிந்தேன். இன்றும் நமது கடைகளில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான்.) ஹஜ்ஜுப் பெருநாளுக்கு உம்மும்மாவின் ஊருக்குப் போய் மூன்று நாட்கள் தங்கினோம். புறப்படும் அவசரத்தில் தினையை நிறையக் கொட்டி, ஒரு சிறு கிண்ணத்தில் தண்ணீரும் வைத்தேன். பக்கத்து வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகவேண்டும் என்று தோன்றவில்லை. திரும்பி வந்தபோது தினை அப்படியே மீந்திருந்தது; கிண்ணம் கவிழ்ந்து கிடந்தது. ஒன்று இறந்திருந்தது. மற்றையது கூண்டின் அடியில் உரோமங்களை உப்பவைத்துக்கொண்டு குந்தியிருந்தது. அடுத்த நாள் சுபஹுக்குப் பின் அதுவும் போய்விட்டது. வாப்பா என்னை ஏசவில்லை. தென்னை மரத்தடியில் குழி தோண்டி, இரண்டையும் புதைத்து, கூண்டைக் கழுவி வெயிலில் வைத்தார். ஏசியிருந்தால் நான் மறந்திருப்பேனோ என்னவோ.

பின்னர் அரபுக் கல்லூரியில் ஓதும் காலத்தில், பூனையொன்றின் காரணமாகத் தண்டிக்கப்பட்ட பெண்ணைப் பற்றிய ஹதீஸை உஸ்தாத் விளக்கினார்கள். இப்னு உமர் (ரழி) அவர்கள் அறிவிப்பது. அப்பெண் பூனையை அடைத்து வைத்தாள். தானும் உணவளிக்கவில்லை, பூமியிலுள்ள பூச்சிகளைத் தின்று பிழைத்துக்கொள்ளவும் விடவில்லை. வெளியில் திரியும் பூனை பட்டினி கிடந்தால் அது வேறு விடயம். கதவைச் சாத்தியவன் மீது அதன் உணவும் தண்ணீரும் கடமையாகின்றன என்று உஸ்தாத் சொன்னபோது, என் கண் முன்னே வந்தது அந்தக் கவிழ்ந்த கிண்ணம்தான்.

ஆகவே என் மகளிடம் உடனே ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. முதலில் நாம் வாங்கப் போவது என்னவென்று அறிந்துகொள்வோம் என்றேன். தேடிப் படித்து, பறவை வளர்ப்போரிடமும் கேட்டறிந்தவற்றைச் சொல்கிறேன். உண்மையான லவ் பேர்ட் குட்டை வாலுடைய சிறிய கிளி. மொத்தம் 9 இனங்கள். எட்டு ஆபிரிக்கப் பெருநிலத்தவை, ஒன்று மடகஸ்காரைச் சேர்ந்தது. வீடுகளில் அதிகம் வளர்க்கப்படுகின்ற, இளஞ்சிவப்பு முகமுடைய இனம் நமீபியா, அங்கோலா பக்கத்து வறண்ட நிலங்களைத் தாயகமாகக் கொண்டது. எடை 50 கிராம் அளவுதான். ஆனால் நன்கு பராமரித்தால் 10 முதல் 15 வருடங்கள் வரை வாழும். புலமைப் பரிசில் எழுதிய பிள்ளை உயர்தரம் எழுதி, பல்கலைக்கழகம் சென்று, திருமணமும் முடித்துப் போகலாம். பறவை அப்போதும் கூண்டில் இருக்கும். யார் பார்ப்பது?

இது கூட்டமாக வாழும் இனம். தனியாக வளர்த்தால் செத்துவிடும் என்று சொல்வது சரியல்ல. ஆயினும் தனியாக வைப்பவர் அதன் கூட்டமாகத் தானே ஆகவேண்டும். தினமும் கணிசமான நேரத்தை அதனோடு செலவிட வேண்டும். சோடியாக வாங்கினால் தீர்ந்ததென எண்ண வேண்டாம். இந்த இனத்தில் ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். கடைக்காரர் சோடி என்று தருவது இரண்டும் பெண்ணாக இருந்து, ஒன்றையொன்று கடித்துக் காயப்படுத்தவும் கூடும். உண்மையிலேயே சோடியாக அமைந்தால் முட்டை, குஞ்சு என்று பெருகும். அவற்றுக்கு என்ன ஏற்பாடு?

கூண்டு அழகிய வட்ட வடிவில் இருந்தால் போதாது. சிறகை விரித்து இங்கிருந்து அங்கு பறக்குமளவு நீளம் வேண்டும். சூரியகாந்தி விதையை மாத்திரம் போட்டு வளர்த்தால் கொழுப்பு மிகுந்து நோயுறும். கீரையும் கெரட்டும் வேண்டும். ஆனைக்கொய்யாவும் சொக்லேட்டும் அதற்கு நஞ்சு. குசினியில் ஒட்டாத பூச்சுள்ள தாச்சியை வெறுமனே அடுப்பில் காயவிட்டால் எழும் ஆவி, நமக்குத் தெரியாமலேயே சில நிமிடங்களில் பறவையைக் கொன்றுவிடும். நுளம்புச் சுருளின் புகையும், வெள்ளிக்கிழமை இரவில் நாம் போடும் சாம்பிராணிப் புகையும் அதன் சுவாசத்துக்கு ஆகாதவை. வெளியே பறக்க விடும்போது கூரை மின்விசிறி சுற்றக்கூடாது. நோய் வந்தால் கடைசிவரை அது மறைத்துக்கொள்ளும். நாம் கண்டுகொள்ளும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். எனவே பறவைகளைப் பார்க்கத் தெரிந்த மிருக வைத்தியர் எங்கே இருக்கிறார் என்பதை வாங்குவதற்கு முன்னரே விசாரித்து வைக்க வேண்டும். அதன் எச்சத்தின் தூசியால் மனிதருக்கும் நுரையீரல் நோய் தொற்றலாம். சுத்தம் செய்தவர் கை கழுவுவது அவசியம். ஷாபிஈ மத்ஹபின்படி பறவையின் எச்சம் நஜீஸ் என்பதால், தொழுகின்ற அறையில் கூண்டை வைப்பதும் பொருத்தமன்று.

இவற்றையெல்லாம் கேட்டும் என் மகளின் ஆசை குறையவில்லை. அறிவுரையால் ஆசை குறைவதாயின் மௌலவிமாரின் பிள்ளைகளுக்கு ஆசையே இருக்காது! அச்சமயம் அல்லாஹ்வின் ஏற்பாடாக, எங்கள் அயல் வீட்டார் உம்ராவுக்குப் புறப்பட்டனர். அவர்களிடம் கைப்பழக்கமான லவ் பேர்ட் ஒன்று இருந்தது. 14 நாட்களுக்கு நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று கேட்டு வாங்கி வந்தோம். அமானிதமாக வந்ததால் அச்சம் சற்றுக் கூடுதலாகவே இருந்தது.

முதல் வாரம் மகள் நான் எழுப்பாமலே எழுந்தாள். தண்ணீர் மாற்றினாள், தட்டைக் கழுவினாள், பறவையைத் தோளில் வைத்துக்கொண்டு வீட்டுப்பாடம் செய்தாள். அது அவளது கொப்பியின் ஓரத்தை நீளநீளக் கீற்றுகளாகக் கத்தரித்தது. அதிலும் அவளுக்கு மகிழ்ச்சிதான். காலையில் அவள் பாடசாலைக்குப் போனபின்னர் அது கத்தத் தொடங்கும். அந்தச் சத்தம் சிறிதல்ல. பாடசாலை முடிந்து, குர்ஆன் மத்ரஸா, அதன்பின் டியூஷன் என்று அவள் வீடு சேர அஸர் கடந்துவிடும். அதுவரை அந்தக் குரலுக்குப் பதில் சொன்னவர் என் மனைவி. கூண்டின் அடித்தட்டைக் கழுவும் வேலையும் மெல்ல மெல்ல அவரது தலையில் வந்து விழுந்தது. பிள்ளையின் பெயரால் வாங்கப்படும் பிராணிகள் பலவும் உம்மாவின் பிராணிகளாக முடிவதை நீங்களும் கண்டிருப்பீர்கள்.

ஒன்பதாம் நாள் பாடசாலையில் விளையாட்டுப் போட்டி ஒத்திகை. களைத்து வந்தவள் உறங்கிவிட்டாள். மனைவி உறவினர் வீட்டுக்குச் சென்றிருந்தார். இஷாத் தொழுதுவிட்டு வந்து பார்க்கிறேன்: தண்ணீர்க் கிண்ணம் எச்சமும் உமியும் நிறைந்து குடிக்க முடியாதிருந்தது. கழுவி ஊற்றினேன், பறவை வெகுநேரம் குடித்தது. மகளை எழுப்பவில்லை. மறுநாள் மாலை அவளை அருகில் அமர்த்தி, நான் அதுவரை எவரிடமும் முழுமையாகச் சொல்லாத அந்தப் பெருநாள் கதையைச் சொன்னேன். தென்னை மரத்தடியையும் சொன்னேன்.

அவள் நீண்ட நேரம் பேசவில்லை. அயல் வீட்டார் வந்து, பேரீச்சம் பழமும் ஸம்ஸம் தண்ணீரும் தந்து, பறவையை எடுத்துச் சென்ற அன்றிரவு என்னிடம் வந்தாள். "வாப்பா, நான் பகலில் வீட்டில் இருக்கிற காலம் வரட்டும். இப்போது வேண்டாம். ஆனால் உங்கள் வாக்கு அப்படியே இருக்கிறது" என்றாள். சரி மகள், அது என் மீதுள்ள கடன் என்றேன். வாக்கின் உரிமை அவளுடையது. அதனைப் பிற்போடும் அதிகாரமும் அவளுக்கே உண்டு. இடைக்காலத்தில் மதில் மேல் ஒரு மண்சட்டியில் தண்ணீர் வைக்கிறாள். மைனாவும் புலுனியும் வருகின்றன. அவள் ஒருநாள் மறந்தாலும் அவை வேறிடம் தேடிக்கொள்ளும்.

நேயர்களே, எல்லா வீட்டுக்கும் இதே விடைதான் என்று நான் கூறமாட்டேன். பகலில் ஆளிருக்கும் வீடு, பொறுமையுள்ள பெரியவர், ஊருக்குப் போனால் கவனிக்க நம்பிக்கையான ஒருவர், மருந்துக்கும் சேர்த்து ஒதுக்கிய பணம் இவை அமைந்த குடும்பம் தாராளமாக வளர்க்கட்டும். அபூ உமைருக்குக் கிடைத்த மகிழ்ச்சி நம் பிள்ளைகளுக்கும் கிடைக்கட்டும். அமையாத வீட்டில் பிள்ளை அழுகிறதென்று வாங்குவோர், அழுகையை நிறுத்துவதற்கு வேறு வழி தேடுவதே நல்லது.

இறுதியாக, ஏற்கனவே வாங்கிவிட்டுப் பராமரிக்க இயலாதோர் பலர், கூண்டைத் திறந்து பறக்க விட்டால் நன்மைதானே என்று என்னிடம் கேட்பதுண்டு. தயவுசெய்து அவ்வாறு செய்யாதீர்கள். அது கூண்டில் பொரித்த பறவை. அதன் தாய் தந்தையரும் பெரும்பாலும் கூண்டில் பிறந்தவையே. இரை தேடவோ, காகத்துக்கும் பூனைக்கும் தப்பவோ அதற்குத் தெரியாது. அறுத்து உண்ணப்படாத பிராணிக்கு உணவளிக்க மறுப்பவரை, உணவளிக்குமாறு அல்லது விற்றுவிடுமாறு அதிகாரி நிர்ப்பந்திப்பார் என்று இமாம் நவவி அவர்கள் மின்ஹாஜில் எழுதியுள்ளார்கள். இன்று நம்மை நிர்ப்பந்திக்க எவரும் வரப்போவதில்லை. வளர்க்கத் தெரிந்த ஒருவரைத் தேடி, கூண்டோடும் தீனியோடும், அதன் பழக்கவழக்கங்களையும் சொல்லி ஒப்படையுங்கள். விலை கிடைக்காவிட்டால் அன்பளிப்பாகவே கொடுத்துவிடுங்கள். ஒப்படைக்கும் நாள் வரையில் தண்ணீர்க் கிண்ணத்தைக் காலையிலும் மாலையிலும் பாருங்கள்.